பள்ளிக்கூடம் போன மொட்டைமாடி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு, கடப்பேரி வீட்டில், வெங்காய பஜ்ஜியின் இரண்டாவது கடியில் இருந்தபோது உதவி தோட்டக்கலை அலுவலர் கலீலுக்குக் கை அப்படியே நின்றது. பஜ்ஜி மேல் பழி போட வேண்டாம். பஜ்ஜி நல்ல பஜ்ஜி. கையை நிறுத்தியது ஆபீஸ் கிளார்க் ரத்தினத்தின் போன்.

"சார், வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு டி.டி. மேடம் பொழிச்சலூர் ஸ்கூல் தோட்டத்தைப் பார்க்க வர்றாங்க."

"எந்தத் தோட்டம்?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? உங்க தோட்டந்தான். நாப்பது பை, எட்டு வகைக் காய். மத்த ஸ்கூலுக்கெல்லாம் முன்மாதிரின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அந்த ஃபைலு... அது எங்க இருக்கு ரத்தினம்?"

"மேடம் கைல. காலைலயே வாங்கிட்டாங்க. உங்க டூர் டைரியும் சேர்த்து."

டி.டி. என்றால் துணை இயக்குநர், கலீலுக்கு மேலதிகாரி. போனை வைத்தார் கலீல். பஜ்ஜியையும் வைத்தார். காரணம் ரொம்ப எளிது. அப்படி ஒரு தோட்டம் கிடையாது.

முழுக்கக் கிடையாது என்று சொன்னால் பாவம். ஜூன் மாதம் ஒரு நாள் இருந்தது. பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காய்கறி வளர்க்கக் கற்றுக்கொடுப்பது, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது, பார்த்ததை டைரியில் எழுதிப் போட்டோவோடு அனுப்புவது, இதுதான் கலீல் வாங்குகிற சம்பளத்துக்கு உண்டான வேலை. ஜூனில் போனார். நாற்பது பை, மண், விதை எல்லாம் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து நுண்ணூட்டச் சத்துகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு பெண் கையைத் தூக்கியது.

"சார், தண்ணி எப்ப ஊத்தணும்?"

"அது மண்ணின் ஈரப்பதத்தையும் பயிரின் வளர்ச்சிப் பருவத்தையும் பொறுத்தது" என்றார் கலீல். அந்தப் பெண் உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. போட்டோ எடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். கலீல் சார் வண்டியை எடுத்தார். அதற்கப்புறம் பம்மலைத் தாண்டினவர் இல்லை மனுஷன்.

அப்படியானால் டைரியில் மூன்று மாதமாக எதை எழுதினார்? அங்கேதான் இருக்கிறது கூத்து. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கைலியோடு, ஒரு கையில் டீ தம்ளரோடு, தன் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறுவார். அங்கே அவருடைய மனைவி ஷம்சாத் வளர்க்கிற தோட்டம். கத்தரி பூத்திருந்தால் 'பள்ளியில் கத்தரி பூத்துள்ளது' என்று எழுதுவார். அவரை கொடி ஓடியிருந்தால் 'அவரை செழிப்பு. மாணவர் ஆர்வம் அதிகம்' என்று எழுதுவார். செடியைக் கிட்டத்தில் ஒரு போட்டோ. சட்டென்று அனுப்பிவிட்டு மீதி டீயைக் குடிப்பார்.

ஷம்சாத்தின் தோட்டமும் அச்சு அசலாக நாற்பது பைதான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஜூனில் அவள் கேட்டாள், "நான் வேணா வாரத்துக்கு ஒரு நாள் அந்த ஸ்கூலுக்கு வந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டா?"

கலீல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே தனியாக ஒரு மெமோ கொடுக்கலாம். "ஷம்சு, இது நாலு வருஷம் காலேஜ்ல படிச்சவன் செய்யற வேலை. மீன் கழுவுன தண்ணிய ஊத்துற வேலை இல்ல."

ஷம்சாத் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அவருடைய பட்டியலைப் பார்த்து, பள்ளிக்கு அவர் எதை எதை எத்தனை பை கொடுத்தாரோ, அதையே, அத்தனையையே, அதே வாரத்தில் மாடியில் விதைத்தாள். பெண்டாட்டி பதில் சொல்லாமல் போனால் என்ன ஏதென்று விசாரிக்க வேண்டாமா? விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் போட்டு என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

புதன்கிழமை காலையில் பொழிச்சலூருக்கு ஓடினார். ஹெட்மிஸ்டிரஸ் ஈவ்லின் டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அமைதியான பெண்மணி. அந்த அமைதியே கலீலுக்குப் பயமாக இருந்தது.

"வாங்க சார். ஜூன்ல பார்த்தது. நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர். தோட்டம்..."

"பாருங்க."

பார்த்தார். முக்கால்வாசிப் பையில் வெறும் மண். ஒரு பையில் துத்திச் செடி மட்டும் இடுப்பு உயரத்துக்கு, யாருக்கும் கட்டுப்படாமல் நின்றது. மூன்று பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்டம்பாக வைத்திருந்தார்கள் பையன்கள்.

"ஆடு மேஞ்சிடுச்சு சார். மீதி வெயில்ல போச்சு. என்ன பண்றதுன்னு கேக்க உங்க ஆபீசுக்கு நாலு தடவ போன் பண்ணேன். நீங்க கேம்ப்புன்னாங்க."

"ஆமா, கேம்ப்ல இருந்தேன்."

"எந்த ஸ்கூல்ல சார்?"

கலீல் தரையைப் பார்த்தார். "இந்த ஸ்கூல்ல."

ஈவ்லின் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கலீலுக்கு ஒரே கணக்கு. பொய் டைரி எழுதியது நிரூபணமானால் மெமோ. மெமோ வந்தால் அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு அம்பேல். அதோடு விட்டால் அதிர்ஷ்டம். மலையோரம் ஏதாவது ஓர் ஊருக்குத் தூக்கி அடித்தால், ஐம்பது வயதில் கம்பளி போர்த்திக்கொண்டு, தனியாக, தானே உப்புமா கிளறிச் சாப்பிட வேண்டும். யா அல்லாஹ்! டைரியில் இருக்கிற அதே செடி, அதே பூ, அதே காய், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பள்ளியில் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட செடி உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

பல்லாவரம் சிக்னலில் ஐடியா வந்தது. திருட்டு இல்லை, இரவல். வியாழன் மத்தியானம் இறக்குவது, வெள்ளி மத்தியானம் ஏற்றுவது. நடுவில் ஷம்சாத் ஊரில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். டி.டி. மேடத்தை நினைத்து வந்த பயம் ஒரு பங்கு என்றால் ஷம்சாத்தை நினைத்து வந்தது மூன்று பங்கு.

அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஷம்சு, சாஹிரா எப்படி இருக்கா?"

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "எந்த சாஹிரா?"

"உன் தங்கச்சிதாம்மா. சிங்கப்பெருமாள் கோவில்ல."

"பன்னண்டு வருஷமா அவ பேர உங்க வாயால கேட்டதில்லையே. 'அந்த வாயாடி'ன்னுதானே சொல்வீங்க?"

"சே, சே. பாவம், தனியா இருப்பா."

"மாமனாரு, மாமியாரு, ரெண்டு நாத்தனாரு, நாலு புள்ளைங்க. தனியாவா?"

"மனசளவுல தனியா இருப்பா ஷம்சு. நீ போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வாயேன்."

"எங்க மாமா மவ நிக்காவுக்கே அன்னிக்கே திரும்பச் சொன்னவரு நீங்க."

"அது அப்ப. மனுசன் மாற மாட்டானா?"

"சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டல்ல பார்த்துக்கறேன்."

"ஓட்டல் சோறு ஒத்துக்காதே உங்களுக்கு?"

"ஒத்துக்க வெச்சுக்கறேன்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உடனே தாழ்த்திக்கொண்டார். "உன் சந்தோசந்தான் எனக்கு முக்கியம்."

ஷம்சாத் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். கீழிருந்து மேல்வரை இன்னொரு தடவை பார்த்தாள். "சரிங்க. நாளைக்குக் காலைல கெளம்புறேன். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஷம்சாத் எதற்கும் சரி சொன்னதில்லை. கலீல் அதை யோசித்திருக்கலாம். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு அரை நாள் அரை நாளாக லீவு எழுதப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு அவரே கொண்டுவந்து விட்டார். ரயில் நிஜமாகவே நகரும்வரை பிளாட்பாரத்தை விட்டு நகரக் கூடாது என்று தீர்மானம். செங்கல்பட்டு வண்டியின் ஜன்னல் வழியாக ஷம்சாத் தலையை நீட்டினாள்.

"செடி பத்திரம். மாடியில நாப்பது பை இருக்கு. எண்ணி வெச்சிருக்கேன்."

"என்ன ஷம்சு இது, செடி எங்கயாவது எழுந்து போயிடுமா?"

"போகாது. சும்மா சொன்னேன்."

வண்டி நகர்ந்தது. படியில் இரண்டு இரண்டாக ஏறி வெளியே வந்தபோது வாடகைக்குப் பேசியிருந்த அன்பு தன் 'குட்டி யானை' சரக்கு வண்டியோடு காத்திருந்தான். நாற்பத்தைந்து வயது, மீசை பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு.

வீட்டுக்கு வந்து மாடியைப் பார்த்ததும் அன்பு இடுப்பில் கை வைத்தான். "இன்னா சார், தோட்டத்தயே காலி பண்றியா? அண்ணி கோச்சிகினு பூட்டாங்களா?"

"ஆபீஸ் வேலைப்பா. மளமளன்னு எறக்கு."

"நானா? எனுக்குக் கழுத்து சுளுக்கிகினு கீது சார். தலைல ஒண்ணும் தூக்கக் கூடாதுன்ட்டாரு டாக்டரு. நீ எறக்கினு வா, நான் வண்டில அடுக்குறேன்."

மூன்று மாடி. நாற்பது பை. அன்றைக்குப் பார்த்து ஷம்சாத் ஒவ்வொரு பைக்கும் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். முதல் பையைத் தூக்கியபோதே கலீலுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. பைக்கு ஒரு தடவை இறங்கி, பைக்கு ஒரு தடவை ஏறி, ஒன்பதாவது பையில் சட்டையைக் கழற்றினார். பதினேழாவது பையில் செருப்பைக் கழற்றினார். இருபத்து மூன்றாவதில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்தார். தக்காளி ஒன்று உதிர்ந்தாலும் பதறிப்போய் எடுத்துப் பையிலேயே வைத்தார். புடலங்கொடி இன்னும் மோசம். துணி காயப்போடும் கம்பியிலும் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "வாம்மா, ஒரே நாள்தான், கொண்டுவந்து விட்டுடறேன்" என்று கெஞ்சிக் கெஞ்சி அரை மணி நேரம் பிரித்தார். அப்படியும் இரண்டு காய் ஒடிந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்தார்.

கீழ் வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஷம்சாத்துக்கு நெருங்கின சிநேகிதி. வாசலில் வழக்கமாக மறித்து நிற்கும் ஸ்கூட்டர்கள்கூட அன்றைக்கு ஓரமாக இருந்தன. கலீலுக்கு அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையா?

"என்ன கலீல் சார், தோட்டமே கிளம்பிடுத்து?"

"செடிக்கெல்லாம் உடம்பு சரியில்ல மாமி. ஆபீசுக்குக் கொண்டு போய் மருந்து அடிச்சு எடுத்துட்டு வரேன்."

"நாப்பதுக்கும் ஒரே நாள்லயா?"

"தொத்து நோய் மாமி."

"அடப்பாவமே! நிதானமா எறக்குங்கோ. கடைசிப் படி கொஞ்சம் வழுக்கும்." மாமி முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதைப் போல இருந்தது. கலீலுக்கு வியர்வை கண்ணை மறைத்தது. "மாமி, ஷம்சுகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா" என்றார். "நான் ஏன் சொல்றேன்?" என்றார் மாமி.

பம்மல் ரோட்டில் வண்டி போனபோது ஊரே பார்த்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கத்தரிக்காய் கிலோ என்னவென்று கேட்டார். "விக்கறதுக்கில்ல தல, ஊர்கோலம்" என்றான் அன்பு. பின்னால் பைகளுக்கு நடுவே புடலங்கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றிருந்த கலீலுக்கு, எதிரே வருகிற ஒவ்வொரு பஸ் ஜன்னலிலும் ஷம்சாத் உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தது.

பள்ளியில் ஈவ்லின் டீச்சர் தயாராக இருந்தார். பழைய பைகளைக் காணோம். தரை கூட்டியிருந்தது. சுற்றிலும், முந்தின நாள் இல்லாத ஒரு கம்பி வேலி. உள்ளே ஐந்து வரிசையாகச் செங்கல் பதித்திருந்தது.

"எத்தனை இடம் டீச்சர்?"

"நாப்பது சார். டைரில அதானே இருக்கு? அப்புறம் சார், உடனே வெயில்ல வெக்காதீங்க. இடம் மாத்தின செடி, ராத்திரி முழுக்க வராண்டா நிழல்ல இருக்கட்டும். காலைல எடுத்து வெச்சுக்கலாம்."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்கயோ கேட்டேன் சார்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே போய் நாற்பது பையையும் செங்கல்மேல் ஏற்றினார். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஆனால் தோட்டம்! சொல்லக் கூடாது, கண்ணே பட்டுவிடும். புடலை தலைகீழாகத் தொங்கியது. மிளகாய் சிவந்திருந்தது. பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். கலீலுக்கே ஒரு நிமிஷம் எல்லாம் தான் வளர்த்ததுதான் என்று தோன்றிவிட்டது. தப்பித்தோம் என்று முதன்முறையாக மூச்சு விட்டார்.

ஒன்பது ஐம்பதுக்கு ஜீப் வந்தது. துணை இயக்குநர் ஞானஜோதி மேடம் இறங்கினார். மாலை வேண்டாம், டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம். கையில் ஃபைல். நேரே ஒரு கத்தரிப் பையிடம் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"மீன் வாசனை வருதே?"

"அது... மீன் கரைசல் மேடம். இயற்கை முறை."

"டைரில நுண்ணூட்டக் கலவைன்னு எழுதியிருக்கீங்க?"

"அது போன தடவை மேடம்."

"முட்டை ஓடு, டீத்தூள்கூட இருக்கு. இதுவும் நீங்க சொன்னதா?"

"பிள்ளைங்க ஆர்வத்துல போட்டிருக்கும் மேடம்."

மேடம் வேலியோரம் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். ஜூனில் கை தூக்கிய அதே பெண். "இந்தச் செடிக்கெல்லாம் தண்ணி எப்பம்மா ஊத்தணும்?"

கலீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெரல மண்ணுல விட்டுப் பாக்கணும் மிஸ். முதல் கணு வரைக்கும் காஞ்சிருந்தா ஊத்தணும். காலைல ஊத்தணும். இலை மேல ஊத்தக் கூடாது" என்றது அது, மூச்சு விடாமல்.

"யாரு சொல்லிக் குடுத்தா? சாரா?"

அந்தப் பெண் கலீலைப் பார்த்தது. ஈவ்லின் டீச்சரைப் பார்த்தது. பிறகு சாமர்த்தியமாக வானத்தைப் பார்த்தது. தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போயிற்று. அது போகும்வரை யாரும் பேச முடியவில்லை. போகாமல் அங்கேயே நின்றுவிடக் கூடாதா என்று கலீல் ஏங்கினார்.

விமானம் போய்விட்டது. மேடம் ஃபைலைத் திறந்தார்.

"கலீல், ஏழு போட்டோ அனுப்பியிருக்கீங்க. நல்ல போட்டோ. ஒவ்வொண்ணுக்கும் கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே, படிச்சீங்களா?"

கலீல் கண்ணாடியைத் தேடி மாட்டினார். ஆபீஸில் கட்டாயப்படுத்தி எல்லோர் போனிலும் ஏற்றிவிட்ட ஏதோ ஒரு ஆப், எடுத்த நாளையும் இடத்தையும் தானாகவே அடியில் எழுதிவிடுமாம். மூன்று மாதமாக அந்தப் பொடி எழுத்தைக் கலீல் பூச்சி மருந்து விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கடப்பேரி, தாம்பரம். கடப்பேரி, தாம்பரம். ஏழு போட்டோவிலும் அதே.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வரப்போகிற பதவி உயர்வு, ஆபீஸில் இருக்கிற மரியாதை எல்லாம் அந்தப் பொடி எழுத்தில் கரைந்து போவதைப் பார்த்தபடி நின்றார். அழுகை வரும்போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"மேடம், அது எங்க மாடி."

குரல் வாசலிலிருந்து வந்தது. கலீலுக்கு அந்தக் குரலைத் தெரியும். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். ஷம்சாத் பூவாளியோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகளின் அம்மாக்கள் பத்துப் பேர். மெமோவுக்குப் பயப்படுவதா, இவளுக்குப் பயப்படுவதா என்று அவருக்கு ஒரு கணம் குழம்பிவிட்டது.

"நீங்க யாரும்மா?" என்றார் மேடம்.

"ஷம்சாத். இந்த ஸ்கூல் தோட்டக் குழுவுல இருக்கேன் மேடம். இங்க ஆடு தொல்லை, வேலி இல்ல. அதான் செடியெல்லாம் எங்க மாடியில வளர்த்தோம். இப்ப வேலி போட்டாச்சு. நேத்துதான் இங்க கொண்டாந்தது."

"அப்ப இவரு ஸ்கூலுக்கே வரல."

"செடி இருந்த எடத்துக்கு வந்தாரு மேடம். பாத்தாரு, போட்டோ எடுத்தாரு, எழுதிகினு போனாரு. பூ வந்தா பூன்னு எழுதுனாரு, காய் வந்தா காய்னு எழுதுனாரு. ஒண்ணு கூடப் பொய்யில்ல."

"எத்தனை நாளுக்கு ஒருதரம் வருவாரு?"

"தெனமும் வருவாரு."

"தெனமுமா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாரு. டீ கேப்பாரு. சாப்புடுவாரு, படுத்துடுவாரு. காலைலதான் போவாரு."

அம்மாக்கள் கூட்டத்தில் யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடம் கலீலைப் பார்த்தார். ஷம்சாத்தைப் பார்த்தார். மெதுவாக ஃபைலை மூடினார்.

"வீட்டுக்காரரா?"

"ஆமா மேடம்" என்றாள் ஷம்சாத். "வேற யாரு வெச்சுக்குவா?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பள்ளியின் பார்வையாளர் புத்தகத்தை வாங்கினார். "கலீல், உங்களுக்கு மெமோ குடுத்தா என் ஆபீஸ்ல இன்னொரு ஃபைல் வளரும். செடி வளராது. அதனால இப்படிச் செய்யலாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தோட்டம் இனி இங்கேயே இருக்கும். செவ்வாயும் சனியும் ஷம்சாத் வந்து பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் பயிற்சி கொடுப்பார். உதவி தோட்டக்கலை அலுவலர் ஒரு நாள் விடாமல் கூடவே இருந்து தண்ணீர் சுமந்து, மண் கலந்து, பயிற்றுநர் சொல்வதைக் குறிப்பெடுக்க வேண்டும். டூர் டைரியை இங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாத பக்கம் செல்லாது.

"பயிற்றுநர்னா..." என்று இழுத்தார் கலீல்.

"இவங்கதான்" என்றார் மேடம். ஷம்சாத் பூவாளியை அவர் கையில் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் ஜும்ஆ தொழுகையில் கலீல் மற்றவர்களைவிட ரொம்ப நேரம் நெற்றியைத் தரையில் வைத்துச் சஜ்தாவில் இருந்தார். நன்றி பாதி. மீதிப் பாதி, முதுகு நிமிரவில்லை. வேலை தப்பித்தது. பதவி உயர்வும் தப்பித்தது. நினைக்க நினைக்க அவருக்கு ஷம்சாத் மேல் பொங்கிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒருத்தியைச் சரியாகப் பார்க்காமலே இருந்துவிட்டோமே என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சோறு தயாராக இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த புடலங்காய் இரண்டும் கூட்டாகத் தட்டுக்கு வந்திருந்தன.

"ஷம்சு, நீ சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகவே இல்லையா?"

"குரோம்பேட்டைல எறங்கிட்டேன். ஈவ்லின் டீச்சர் வூட்டுல இருந்தேன்."

"அதுக்கு நேர் எதிர்ப் பக்கமாச்சே செங்கல்பட்டு வண்டி!"

"பெருங்களத்தூர்ல எறங்கி மாறிக்கினேன். நீங்க பிளாட்பாரத்த விட்டுப் போற வரைக்கும் எங்க எறங்க விட்டீங்க?"

கலீல் ஒரு வாய் சோறு எடுத்தார். "டீச்சரை உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜூலைல உங்கள ஆபீஸ்ல தேடிட்டு வூட்டு நம்பருக்குப் போன் பண்ணாங்க. போய்ப் பாத்தேன். அன்னிலேர்ந்து வாரா வாரம் போறேன். புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். வேலி போட வெச்சேன். செங்கல்லு பதிக்க வெச்சேன். இங்க வளர்ந்தத அங்க கொண்டு போகணும், அது ஒண்ணுதான் பாக்கி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஆகஸ்ட்ல ரெண்டு தடவ கேட்டேன். 'மாடியில இருக்கற பையெல்லாம் கீழ எறக்கணுங்க'ன்னேன். ஒருதரம் பேப்பர் படிச்சிகினு இருந்தீங்க. இன்னொருதரம் இடுப்புப் பிடிப்புன்னு படுத்துக்கிட்டீங்க."

கலீலுக்கு லேசாகப் புரைக்கேறியது. தண்ணீரைக் குடித்தார். ஏதோ ஒன்று மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"ஷம்சு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பத்து வருஷமா எந்த ஸ்கூல் தோட்டத்தையும் பார்க்க டி.டி. வந்ததில்ல. இந்த மேடம் திடீர்னு எப்படி வந்தாங்க?"

"குழு சார்புல நாந்தான் லெட்டர் போட்டேன்" என்றாள் ஷம்சாத், அவர் தட்டில் இன்னொரு கரண்டி கூட்டை வைத்தபடி. "நாப்பது பையையும் மூணு மாடி வேற யாரு எறக்குவா? எனக்கு முட்டி வலி."